நொண்டும் நாய்க்கு வீட்டு மாத்திரை வேண்டாம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. பௌர்ணமி இரவுகளில் அதில் மக்கள் வெள்ளம் அலைமோதும். மற்ற நாட்களில், பொழுது புலரும் வேளையில் அப்பாதையில் நடப்போர் வேறொரு காட்சியைக் காணலாம். மூடிய கடையின் படியில் படுத்திருக்கும் கிழ நாய் ஒன்று எழுந்திருக்க முயலும். முன்கால்களை ஊன்றிவிடும், பின்புறம் உடனே எழாது. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, மறுபடியும் முயன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். பத்தடி நொண்டிய பிறகு நடை சற்றே சீராகும். கடை திறக்க வந்தவர் இதைப் பார்த்து மனம் இரங்குகிறார். தம் முழங்கால் வலிக்காக வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாத்திரைகளில் ஒன்றைப் பிஸ்கட்டுக்குள் மறைத்து நாய்க்குக் கொடுக்கிறார். அந்த மாத்திரையைப் பற்றியே இங்கே பேசப் போகிறோம்.

கொடுத்தவரிடம் குற்றம் காண நாம் முற்படவில்லை. இவ்வூரில் நாயினிடத்தில் அன்பு காட்டுவது புதிதன்று. ரமணாசிரமத்திற்குள் லட்சுமி என்னும் பசுவுக்கும், வள்ளி என்னும் மானுக்கும், ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருப்பதைப் போலவே ஜாக்கி என்னும் நாய்க்கும் ஒரு சமாதி இருக்கிறது. மலைமேல் உள்ள ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்த கமலா என்னும் நாய், புதிதாக வந்தவர்களை மலையைச் சுற்றி அழைத்துச் சென்று காட்டியதாகச் சொல்வார்கள். இன்றும் பாதையோரத்தில் நாய்களுக்குச் சோறிடுபவர் பலர். ஊருக்கு வெளியே சென்றால், மணிலாக் கொல்லையில் காட்டுப் பன்றியை விரட்டுவதும், பட்டியில் அடைத்த ஆடுகளைக் காப்பதும் நாயே. ஒரு பட்டி நாய் காலை ஊன்ற முடியாமற் போனால் அந்தக் குடும்பத்திற்கு ஓர் ஆள் குறைந்தது போலத்தான். ஆகவே வலியைத் தணிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. அதற்குக் கைக்கு அகப்பட்ட மருந்தை எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மூட்டு எப்படிக் கெடுகிறது என்பதை முதலில் அறிந்து கொள்வோம். இரண்டு எலும்புகள் கூடும் இடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையில் எண்ணெய் போன்ற ஒரு திரவம் உராய்வைக் குறைக்கிறது. வயது, பழைய அடி, மிதமிஞ்சிய எடை, பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமை ஆகிய காரணங்களால் குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த துணுக்குகளால் மூட்டின் உள்ளுறை அழற்சி கொள்கிறது. ஓரங்களில் எலும்பு முடிச்சு முடிச்சாக வளர்கிறது. வலிக்கும் காலை நாய் ஊன்றுவதில்லை. ஊன்றாத காலின் தசை வற்றுகிறது. தசை வற்றினால் மூட்டுக்குத் தாங்கல் இல்லாமற் போய், வலி மேலும் பெருகுகிறது. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் முழுமையாக வளர்த்துத் தரும் மருந்து இன்றுவரை கிடையாது. வலியை அடக்கி, அந்தக் காலை மறுபடியும் உழைக்கச் செய்வதே சிகிச்சையின் நோக்கம்.

நாய் வலியை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. மூட்டு வலியால் கத்துகிற நாய் அரிது. முன்பு தாவி ஏறிய திண்ணையைப் பார்த்துக்கொண்டு கீழேயே நிற்கும். படி இறங்கத் தயங்கும். முன்னங்கால் மணிக்கட்டை ஓயாமல் நக்கும். தொடைச் சதை ஒரு பக்கம் மெலிந்திருக்கும். பிள்ளைகள் இடுப்பைத் தொட்டால், எந்நாளும் உறுமாத நாய் உறுமும். “வயசாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று இவற்றை நாம் ஒதுக்கிவிடுகிறோம். முதுமை என்பது வியாதியன்று. முதுமையில் வரும் வலி வியாதி. அதைத் தணிக்க வழியுண்டு.

எனினும் நொண்டுகிற நாயெல்லாம் மூட்டுத் தேய்வுள்ள நாயன்று. முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கருவேல முள் ஒன்று விரலிடையில் ஏறியிருக்கலாம். நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கலாம். புண்ணில் புழு வைத்திருக்கலாம். இரவில் வண்டி மோதி எலும்பு முறிந்திருக்கவும் கூடும். ஆறேழு மாதக் குட்டியின் கால் வளைந்து வலித்தால், வெறுஞ்சோறும் மோருமே உணவாக இருந்ததால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்துபோனதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் வலி மாத்திரை மட்டும் பரிகாரமாகாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நம் பக்கத்தில் அது மிகுதி. அதுவே உண்ணிக் காய்ச்சல். நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கொழுத்துத் தொங்கும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்னும் நுண்கிருமியை இரத்தத்தில் செலுத்துகிறது. நாய்க்குக் காய்ச்சல் வரும், உணவில் நாட்டம் குறையும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும். சில நாய்களில் மூட்டுகள் வீங்கி வலிக்கும். இன்று ஒரு காலும் நாளை மற்றொரு காலுமாக நொண்டும். பார்ப்பவர் இதை மூட்டு வாதம் என்றே கொள்வர். இந்தக் காய்ச்சல் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. வலி மாத்திரைகளிற் பல அத்தட்டணுக்களின் வேலையைத் தடுப்பதோடு இரைப்பையையும் புண்ணாக்குகின்றன. ஏற்கெனவே இரத்தம் ஒழுகக் காத்திருக்கும் உடலில் அவை செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்த நோய்க்கு உரிய மருந்து டாக்சிசைக்ளின். வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கப்படுவது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்தும், தட்டணுக்களை எண்ணிப் பார்த்தும் மருத்துவர் இதை ஐயுற்று அறிவார். எனவே இளம் நாய் ஒன்று திடீரென்று நொண்டத் தொடங்கினால் மாத்திரையைத் தேடுமுன் காதைத் தூக்கி உண்ணியைத் தேடுக.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம்.

உடலில் அடிபட்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகின்றன. ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும் இந்தச் சுரப்பைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டறிந்தார். அதற்காக 1982 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், தண்ணீர் குறைந்த வேளையில் சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டம் குன்றாமல் பார்த்துக்கொள்வதும். காலில் உள்ள வலியை அடக்கப் போன மருந்து வயிற்றின் காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. மனிதனுக்கும் இந்த அபாயம் உண்டு. நாய்க்கு அது பன்மடங்கு. நேப்ராக்சன் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். மனித உடலில் அது பாதியாகக் குறைய அரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. நாயின் உடலிலோ அது பித்தத்தின் வழியாகக் குடலுக்குச் சென்று மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுவதால் பாதியாகக் குறைய மூன்று நாள் அளவும் ஆகலாம். காலையும் மாலையுமாக இரண்டு நாள் கொடுத்தால் முன் கொடுத்தது கழியாமலே பின் கொடுத்தது சேர்ந்துவிடும்.

நம் நாட்டு நாய் ஒன்று 15 கிலோ எடை என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை 650 மில்லிகிராம் உடையது. கால்நடை மருத்துவர் ஒருவர் தக்க காரணத்துடன் நாய்க்குப் பாரசிட்டமால் கொடுத்தால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் அளவில், அதாவது இந்த நாய்க்கு 150 முதல் 225 மில்லிகிராம் வரை கொடுப்பார். நம் மாத்திரை ஒன்றே அதற்கு மூன்று நான்கு மடங்கு. நாளைக்கு மூன்று வேளை என்றால் கல்லீரலைத் தாக்கும் எல்லைக்கே போய்விடுகிறது. ஐபுப்ரோபென் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இதே நாய்க்கு இரைப்பையில் புண் உண்டாக்கப் போதுமானது. டைக்குளோபினாக், அசிக்குளோபினாக், நிமிசுலைடு ஆகியவையும், இவற்றோடு பாரசிட்டமாலைச் சேர்த்து மருந்துக் கடையில் ‘மூட்டு வலி மாத்திரை’ என்று கேட்டால் எடுத்துத் தருபவையும் நாயின் வாய்க்குப் போகவே கூடாதவை. வீட்டில் பூனை இருப்போர் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டே பூனையைக் கொன்றுவிடும். அதன் உடலில் அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் இல்லை.

கேடு அன்றே தெரிவதில்லை என்பது இதில் பெரிய தொல்லை. முதல் நாள் நாய் உற்சாகமாக ஓடும், கொடுத்தவர் மகிழ்வார், மறுநாளும் கொடுப்பார். மூன்றாம் நாள் அது சோறு வேண்டாமென்று திரும்பிக்கொள்ளும். பின்னர் வாந்தி வரும். மலம் தார்போல் கறுக்கும். அந்தக் கறுப்பு, வயிற்றுக்குள் ஒழுகிச் செரித்த இரத்தம். அப்பொழுதும் “ஏதோ கெட்டதைத் தின்றிருக்கும்” என்று சொல்வோமேயன்றி, நாம் கொடுத்த மாத்திரையை நினைப்பதில்லை.

ஓர் உயிர்க்கு மருந்தானது மற்றோர் உயிர்க்கு விஷமாகும் என்பதற்கு நம் நாடே ஒரு பெரிய சாட்சியைக் கண்டது. 1990களில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. வெண்முதுகுக் கழுகு என்னும் இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தது. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றே ஐயுற்றனர். 2004 ஆம் ஆண்டில், பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் உடன் உழைத்தோரும் காரணத்தைக் கண்டு வெளியிட்டனர். நொண்டும் மாட்டுக்கும் மடி வீங்கிய பசுவுக்கும் வலி தணியப் போட்ட டைக்குளோபினாக் ஊசியே அக்காரணம். ஊசி போட்ட மாடு இறந்து, அதன் சதையைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இனம் அழிவதற்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். மாட்டுக்கு நன்மை செய்யவென்றே போட்ட ஊசி அது.

2006 ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு டைக்குளோபினாக் தருவதை இந்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நின்றபாடில்லை. ஆதலால் 2015 இல், மனிதர்க்குரிய ஊசி மருந்தும் 3 மில்லிலிட்டர் குப்பியில்தான் வரவேண்டும் என்று விதித்தனர். 2023 இல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குத் தருவதும் தடை செய்யப்பட்டது. நிமிசுலைடுக்கும் பின்னர் அதே தடை வந்தது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளே தமிழ்நாட்டில் இன்று நமக்குள்ள பெருஞ்செல்வம். இந்தத் தடைகளுக்கெல்லாம் மாற்றாக, கழுகுகளுக்கும் தீங்கில்லை என்று சோதித்து அறிந்து பரிந்துரைக்கப்பட்ட மருந்து மெலாக்சிகாம். நாயின் மூட்டு வலிக்கும் மருத்துவர்கள் பெரிதும் எழுதித் தருவது இதுவே.

உடனே, “அப்படியானால் மருந்துக் கடையில் மெலாக்சிகாம் வாங்கிக் கொடுத்துவிடலாமே” என்று ஒருவர் கேட்கக்கூடும். அங்குதான் நிற்க வேண்டும். மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமும், அடுத்த நாள் முதல் தினம் ஒரு வேளை 0.1 மில்லிகிராமும் என்பது நாய்க்கான அளவு. நம் 15 கிலோ நாய்க்கு அன்றாட அளவு ஒன்றரை மில்லிகிராம். மனிதருக்கு விற்கும் மாத்திரை 7.5, 15 மில்லிகிராம் என்று வருகிறது. பெரிய மாத்திரை ஒன்றைக் கொடுத்தவர் பத்து நாள் மருந்தை ஒரே விழுங்கில் கொடுத்தவராகிறார். பெயர் ஒன்றாக இருந்தாலும், சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கும் நாய்க்குரிய திரவ மருந்து வேறு, நம் அலமாரியில் உள்ள மாத்திரை வேறு. கார்ப்ரோபென், பிரோகாக்சிப் ஆகியவையும் நாய்களில் சோதித்து நாய்க்கென்றே அளவு வகுத்த மருந்துகள். இவற்றையும் மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும்; சிறுநீரகமும் கல்லீரலும் நல்ல நிலையில் உள்ளனவா என்று இரத்தம் பார்த்துத் தொடங்குவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்ப்பதும் முறை.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. வெறும் வயிற்றில் கொடாமல் உணவோடு கொடுப்பது. பக்கத்தில் எந்நேரமும் தண்ணீர் இருக்கச் செய்வது. பேதியோ வாந்தியோ கண்டால் அன்றே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்வது. சித்திரை வெயிலில் நா வறண்டு கிடக்கும் நாய்க்கு இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மற்றொரு விதியை மட்டும் எவ்வகையிலும் மீறக் கூடாது. இவ்வினத்து மருந்துகள் இரண்டை ஒருசேரக் கொடுக்கக் கூடாது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்க ஒரு வார இடைவெளி வேண்டும். சொறிக்கென்று போடும் ஸ்டீராய்டு ஊசியோடும் இவை சேரவே கூடாது. ‘போன வாரம் ஒரு ஊசி போட்டார்கள்’ என்பதை மருத்துவரிடம் சொல்ல மறந்ததால் குடல் ஓட்டையாகி மாண்ட நாய்கள் உண்டு.

இங்கேதான் கோயில் ஊரின் நாய்க்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் எழுகிறது. வீட்டு நாய்க்கு ஒரு எஜமானர். பாதையோர நாய்க்குப் பத்து எஜமானர்கள். காலையில் டீக்கடைக்காரர் ஒரு மாத்திரை கொடுக்கிறார். ஒன்பது மணிக்குப் பூக்கார அம்மாள், “ஐயோ பாவம், நொண்டுகிறதே” என்று தம் வீட்டிலிருந்து ஒன்று கொண்டு வருகிறார். மாலையில் மலை சுற்ற வந்த வெளியூர் அன்பர் தம் பையிலிருந்து மற்றொன்றை எடுக்கிறார். ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியார். மூவரும் நல்லவர்கள், மூன்று மாத்திரையும் வெவ்வேறு. நாய்க்கு மூட்டு வலி மருந்து கொடுப்பவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யாரென்று அந்தத் தெருவார் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் சோறும் தண்ணீரும் வைத்தால் போதும். தெருவில் ஒருவருடைய கடைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் அன்றைய தாளில் ஒரு கோடு இழுத்தால் மருந்து கொடுத்தாயிற்று என்று பொருள். இதற்கு மேல் ஒரு ஏற்பாடு தேவையில்லை.

பழக்கமில்லாத நாயின் வாயைப் பிளந்து மருந்து போட முயலவே வேண்டாம். வலியுள்ள நாய் கடிக்கும். கடித்தாலும் பல் பட்டாலும் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால்மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பின்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுகி, குரல் மாறியிருக்கும் நாயை மூட்டு வலி நாய் என்று எண்ணி நெருங்குவது உயிருக்கே ஆபத்து.

மருந்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஆயினும் மருந்தின் தேவையையே பாதியாகக் குறைக்கும் வழி ஒன்று பணச் செலவில்லாதது. அது நாயின் எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து வந்தார்கள். நன்றாகத் தின்ற கூட்டத்தின் நடு வயது 11.2 ஆண்டு; அளவாகத் தின்ற கூட்டம் 13 ஆண்டு வாழ்ந்தது. மூட்டுத் தேய்வுக்கு மருந்து தேவைப்பட்டதும் அளவாகத் தின்றவற்றிற்கு மூன்று ஆண்டு தாமதித்தே. எந்த மாத்திரையும் இந்த மூன்று ஆண்டைத் தராது.

தெரு நாய்க்கு எங்கே கொழுப்பு என்று சிலர் நகைக்கலாம். பாதையோரத்தில் அன்னதானச் சோறும் இனிப்பும் பிஸ்கட்டும் மாறி மாறிக் கிடைக்கும் நாய்களைப் பார்த்தவர்கள் நகைக்க மாட்டார்கள். விலாவின் மேல் கையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எலும்புகள் கைக்குத் தெரிந்தால் எடை சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை மிகுதி. எடை அறிய, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் தாம் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். தூக்க முடியாத பெரிய நாயானால் மணிலா மண்டியின் தராசு எதற்கு இருக்கிறது? எடை தெரியாமல் எந்த மருத்துவரும் சரியான அளவைச் சொல்ல முடியாது. ஆதலால் இந்த வேலை எப்படியும் பயன்படும்.

அடுத்தது தரை. இப்பொழுது கிராமத்து வீடுகளிலும் வழவழப்பான ஓடு பதித்த தரை வந்துவிட்டது. கிழ நாய்க்கு அது பகை. கால்கள் விரிந்து வழுக்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பு மூட்டில் அடிதான். நாய் நடக்கும் வழியில் பழைய கோணிச் சாக்குகளை விரித்துவிட்டால் போதும். நகத்தை அளவாக வெட்டிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கும் நாய்க்குக் காலையில் மூட்டு மரத்துப்போகும். சாக்குக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்த படுக்கை ஒன்று, ஈரம் படாத மூலையில் இருந்தால் நல்லது. காலையில் எழுந்ததும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டின்மேல் பத்து நிமிடம் வைத்து ஒத்தடம் கொடுக்கலாம்; சூட்டை முதலில் நம் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாயைக் கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்பது தவறு. ஓய்வு தசையை வற்றச் செய்யும் என்று மேலே கண்டோம். வெயில் ஏறுமுன்னும் சாய்ந்த பின்னும் கால்மணி நேரம், மண் தரையிலோ புல்லிலோ, அதன் வேகத்திற்கே நடக்கவிட வேண்டும். ஒரு நாள் மூன்று மைல், மறுநாள் ஒன்றுமில்லை என்பது ஆகாது. தார்ச்சாலை நண்பகலில் உள்ளங்காலைப் பொசுக்கும். நம் புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாய்க்கும் அது பொறுக்காது.

எண்ணெய்களையும் தைலங்களையும் பற்றி ஒரு சொல். நமக்குப் பூசும் வலித் தைலங்களிலும் களிம்புகளிலும் கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட்டு ஆகியவை இருக்கின்றன. சில களிம்புகளில் டைக்குளோபினாக்கே இருக்கிறது. நாய்க்குப் பூசியதெல்லாம் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குப் போய்விடும். அது நக்காமல் விடாது. ஆதலால் பூச்சு மருந்தும் விழுங்கும் மருந்தே. பூண்டையும் வெங்காயத்தையும் அரைத்துப் பற்றுப் போடுவோர், அவை நாயின் இரத்த அணுக்களை உடைப்பவை என்பதை அறிய வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள கொழுப்புச் சத்து மூட்டு அழற்சியை ஓரளவு தணிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. மிகுந்த விலை கொடுத்து வாங்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளுக்கு அவ்வளவு சான்று இல்லை, தீங்கும் பெரிதில்லை. மேல்நாடுகளில் மாதம் ஒருமுறை போடும் புதிய ஊசி ஒன்றும் வந்திருக்கிறது. நம் கிராமத்து நாய்க்கு அது எட்டாத விலை. நரம்பு சார்ந்த வலிக்குச் சில வேளை மருத்துவர் காபாபென்டின் எழுதித் தருவார். மனிதருக்கான திரவ வகைகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நாய்க்கு விஷம். ஆகவே அவர் சொன்ன வகையையே வாங்க வேண்டும்.

மாத்திரை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்றால் என்ன செய்வது? உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்; உப்பே நாயைக் கொல்லக்கூடும். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை, எப்பொழுது என்று குறித்துக்கொண்டு, நாய் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போனால் வாந்தி எடுக்க வைத்தும், கரித்தூள் கொடுத்தும் மருந்து இரத்தத்தில் ஏறாமல் தடுக்க முடிகிறது. பாரசிட்டமாலுக்கு மாற்று மருந்தும் உண்டு. பிறகு வந்தால் குளுக்கோஸ் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முயல்வது ஒன்றுதான் மிஞ்சும். கொடுத்தது தாம்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களால் மருத்துவரின் ஒரு மணி நேரம் வீணாகிறது.

மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவமனையும், கிராமங்களில் கால்நடை மருந்தகங்களும் உள்ளன. மாடு, ஆட்டுக்கு மட்டுமே அவை என்று பலர் எண்ணுகின்றனர். நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. 1962 என்னும் எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைப் பற்றிய தகவல் கிடைக்கும். கொண்டு செல்லும்போது நாயின் வயது, எடை, எந்தக் கால், எத்தனை நாளாக, இதுவரை யார் யார் என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்க. காலையில் அது எழுந்து நடப்பதைக் கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது. மருத்துவமனை மேசையின் மேல் பயத்தால் எந்த நாயும் நொண்டுவதில்லை.